முகத்துக்கு முள் உருளை: எதை வாங்குவது?



சென்ற ஆண்டு தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். மழை விட்ட ஒரு மாலை வேளை. பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்தவள் என் பழைய மாணவி. இருபத்திரண்டு வயது. பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். தோழிகள் நால்வரோடு விடுதியில் வாசம். தகப்பனார் இன்னும் எங்கள் தோட்டத்தில்தான் செம்பனை வெட்டுகிறார்.

"வாம்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி கலந்து வருவதற்குள், பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டாள்.

"டீச்சர், இதுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. தைக்குள்ள முகம் சரியாகணும்."

தை மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஜொகூரில் வேலை செய்கிறவர். இரண்டு பேரும் அதுவரை கைத்தொலைபேசியில்தான் பேசியிருக்கிறார்கள். இவள் அனுப்பிய படங்களில் முகம் வாழைத்தண்டு போல வழவழவென்று இருந்ததாம். அதெல்லாம் தொலைபேசியே செய்து கொடுக்கிற மாயம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். நேரில் பார்த்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று இவளுக்குப் பயம். கன்னங்களில் பழைய அம்மைத் தழும்பு. அதற்கு மேல் வயதுக்கு வந்த நாளாக விடாத பரு. பரு போன இடமெல்லாம் குழி.

மேசையில் இருந்த பொருள்களைச் சொல்கிறேன். முதலாவது 'டெர்மா ரோலர்' என்று விற்கிறார்களே, அந்த உருளை. சுவருக்குச் சாயம் அடிக்கும் உருளையைக் குழந்தை விளையாட்டுச் சாமானாகச் செய்தால் எப்படி இருக்கும்? அந்த அளவுதான். உருளையைச் சுற்றி மயிர் போல் நுண்ணிய ஊசிகள். இரண்டாவது 'டெர்மா ஸ்டாம்ப்'. தபால் நிலையத்தில் முத்திரை குத்துவார்களே, அதுபோல் முகத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பது. மூன்றாவது 'டெர்மா பென்'. தடித்த பேனா போன்றது; மின்சாரத்தில் ஓடும். நுனியில் உள்ள ஊசிக்கூட்டம் தையல் இயந்திரத்து ஊசியைப் போல விறுவிறுவென்று குத்தி எடுக்கும். உருளை பதினைந்து வெள்ளி, முத்திரை இருபத்திரண்டு வெள்ளி, பேனா ஒரு தோழியிடம் கடன் வாங்கியது.

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. "இரண்டு நாள் கொடு, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அந்த இரண்டு நாளில் படித்ததையும், பின்னர் அவளோடு மருத்துவமனைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். லயத்துக்கு லயம் இந்த உருளை வந்துவிட்டது என்று கேள்வி. மூன்று வீடு தள்ளி இருப்பவரும் வாங்கியிருக்கலாம்.

குத்தினால் குழி ஏன் நிரம்ப வேண்டும்?

கேட்டால் வேடிக்கையாக இருக்கும். தழும்பு என்பதே காயத்தால் வந்தது. அதை மறுபடி குத்தினால் எப்படி ஆறும்?

நம் தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. உள்தோலில் கொல்லாஜன் என்ற நார்ப்பொருள் பின்னிக் கிடக்கிறது. தோலைத் தாங்கி நிறுத்துவது அதுதான். பருவோ அம்மையோ ஆழமாக அழற்சி உண்டாக்கும்போது அந்த நார் அழிந்து மேலே பள்ளம் விழுகிறது. மெல்லிய ஊசியால் அங்கே நூற்றுக்கணக்கில் நுண்ணிய துளைகள் போட்டால், உடம்பு 'இங்கே காயம்' என்று எண்ணிப் புதிய நாரைப் பின்னத் தொடங்குகிறது. நாள் கணக்கில் நடக்கிற வேலை அல்ல இது, மாதக் கணக்கு.

1997இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரத்து அறுவை மருத்துவர்கள் கமிரான்ட், டூசே இருவரும், பச்சை குத்தும் கருவியை மையில்லாமல் தழும்பின்மேல் ஓட்டினால் தழும்பு இளகுகிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டெஸ் பெர்னாண்டஸ் என்ற மருத்துவர் ஊசி உருளையை அமைத்தார். ஆகவே இது பொய் வைத்தியம் இல்லை. மருத்துவர் கையில் இருந்த கருவி நம் குளியலறைக்கு வந்து சேர்ந்த கதைதான் இது.

பால்மரம் சீவியவர்களுக்குத் தெரிந்த கணக்கு

என் தாயார் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். வாசகர்களில் பலருடைய பாட்டிமாரும் அப்படித்தான். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: சீவு கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டு வைத்துச் சீவ வேண்டும். மேலோடு சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போய்ப் படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம். பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அடுத்த சுற்றில் கத்தியே வைக்க முடியாது. 'காயம் போட்டவர் யார்?' என்று கங்காணி சத்தம் போடுவார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் அதற்குச் சம்பளத்தையே பிடித்ததாக அம்மா சொல்வார்.

முகத்துக்கும் அதே கணக்குத்தான் சகோதரிகளே. உருளையா, முத்திரையா, பேனாவா என்று கேட்பதற்கு முன்னால், ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்க வேண்டும். பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் அது இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

முகத்தில் மேல்தோலின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். 0.2, 0.25 மில்லிமீட்டர் ஊசி அதைச் சற்றே தாண்டும். கொஞ்சம் சிவக்கும், அரிக்கும். சாதாரணமாக இரத்தம் வராது. 0.5 மில்லிமீட்டர் போனால் உள்தோலில் நுழைகிறது. சிலருக்குப் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும். 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது வைத்தியம்; அழகுச் சாமான் அல்ல. மருத்துவர்கள் தழும்புக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையுள்ள ஊசி. அதற்கு முன்னால் மரத்துப்போகக் களிம்பு தடவி, கிருமி நீக்கிய கருவியை எடுத்து, நெற்றிக்கு ஓர் அளவு, கன்னத்துக்கு ஓர் அளவு என்று மாற்றி மாற்றிச் செய்வார்கள்.

அவள் கொண்டு வந்த பதினைந்து வெள்ளி உருளையைத் திருப்பிப் பார்த்தேன். 1.5 மில்லிமீட்டர் என்று இருந்தது.

"இதை முகத்தில் வைத்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு தடவை ஆகியிருந்தது.

மூன்றில் எது?

ஊசி நீளம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், மூன்று கருவிகளும் எப்படி வேறுபடுகின்றன?

உருளை உருளும்போது ஊசி சாய்வாக நுழைந்து சாய்வாக வெளியே வருகிறது. நுழைந்த துளையைச் சிறிது கிழித்துக்கொண்டுதான் வரும். குட்டை ஊசியில் இது தெரியாது. நீள ஊசியில், அதுவும் அழுத்தி ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓட்டினால், உழுத சால் போல் கோடு விழும். பருத் தழும்புக்கு ஊசி உருளை ஓட்டிய ஒரு பெண்ணின் முகத்தில் டிராம் வண்டித் தண்டவாளம் போல இணைகோடுகள் விழுந்ததை 2012இல் ஒரு தோல் மருத்துவ ஏடு வெளியிட்டிருக்கிறது. தழும்பைப் போக்கப் போய்ப் புதுத் தழும்பு!

உருளை வாங்குகிறவர்கள் ஊசியின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறார்கள். 192 ஊசி, 540 ஊசி என்று போட்டிருக்கும். அதிகம் இருந்தால் நல்லது என்று தோன்றும். 540 என்று விற்கிற மலிவு உருளைகள் பலவற்றில் இருப்பது ஊசியே அல்ல. மெல்லிய தகட்டில் பல் பல்லாக வெட்டிய வட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரம்பத்துப் பல் தெரியும். அது துளைக்காது, வெட்டும். தனித்தனி ஊசி பதித்த 192 அதைவிட மேல்.

முத்திரைக் கருவி நேராக இறங்கி நேராக வெளியே வருகிறது. கிழிப்பது குறைவு. மூக்கின் ஓரம், மேலுதடு போன்ற இடுக்குகளில் உருளை போகாது, இது போகும். பரு இருக்கும் இடத்தை விலக்கிவிட்டு மற்ற இடத்தில் மட்டும் வைக்கலாம். கை அவசரப்படவும் முடியாது. மூன்றில் ஒன்றை வீட்டுக்குச் சொல் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால், 0.25 மில்லிமீட்டருக்கு மேற்படாத முத்திரையைத்தான் சொல்வேன். அதற்கடுத்து அதே நீளமுள்ள உருளை.

பேனா பார்வைக்கு மருத்துவரின் கருவி போலவே இருக்கும். ஆபத்தும் அதில்தான். திருகியைத் திருப்பினால் ஆழம் 0.25இலிருந்து 2 மில்லிமீட்டருக்கும் மேலே ஏறிவிடும். மலிவுப் பேனாவில் திருகி காட்டும் எண்ணும் ஊசி இறங்கும் ஆழமும் ஒத்திருக்கும் என்று நம்ப வழியில்லை. ஊசி நுனியை மாற்றிவிட்டோம் என்று எண்ணுவோம். ஆனால் இரத்தமும் நீரும் நுனி வழியே பேனாவின் உள்ளேயே ஏறியிருக்கலாம். அதைக் கழுவவும் முடியாது. கடன் வாங்கிய பேனா என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இவ்வகைப் பேனா ஒன்றுக்கு முதன்முதலாக 2018ஆம் ஆண்டு அனுமதி கொடுத்தது. அதுவும் 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் முகப்பருத் தழும்புக்கு, பயிற்சி பெற்றவர் கையால் செய்வதற்கு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாமே செய்துகொள்வதற்கு அல்ல.

இதையெல்லாம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ அந்தக் குட்டை ஊசி என் குழியை நெரப்புமா டீச்சர்?"

நிரப்பாது. அதுதான் இந்த வியாபாரத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத சங்கதி. குழியை நிரப்பும் நீள ஊசி வீட்டுக்கு ஆகாது. வீட்டுக்கு ஆகிற குட்டை ஊசி குழியை நிரப்பாது. குட்டை ஊசியால் முகம் ஓரிரு நாள் பொலிவாகத் தெரியலாம். தடவுகிற பூச்சு கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறங்கலாம். அவ்வளவுதான். அந்தப் பலனுக்காகப் பதினைந்து இருபது வெள்ளி செலவழிப்பது உங்கள் விருப்பம். ஆழ்ந்த தழும்புக்காக என்றால், அந்த வெள்ளிக்குப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுக்கலாம்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நாலாம் ஆண்டுல என்னை என்னன்னு கூப்பிட்டாங்க, ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்றாள்.

ஞாபகம் இருந்தது. அம்மை போட்டு இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்த முதல் நாள், பின் வரிசைப் பையன் ஒருவன் 'பலாக்காய்' என்றான். வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன். ஆனால் அதட்டுவதற்கு முன்னால் எனக்கும் சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறது. அதைத்தான் அன்று என் மேசையில், அந்த மூன்று சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். மன்னிப்புக் கேட்டேன். "போங்க டீச்சர்" என்று சிரித்து மழுப்பினாள். மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன்.

நம் நிறத்துத் தோல்

அவளுடைய கன்னத்தில் குழிகளுக்கு மேலே புதிதாக இன்னொன்றும் இருந்தது. உருளை ஓடிய வழியெல்லாம் கறுப்புத் திட்டு.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் காயம் பட்டால், நிறம் உண்டாக்கும் அணுக்கள் மிரண்டு அதிகமாகச் சாயத்தைக் கொட்டிவிடும். கொசு கடித்த இடம்கூட நமக்கு மாதக் கணக்கில் கறுத்துக் கிடக்கிறதல்லவா? வெள்ளைக்காரப் பெண் உருளை ஓட்டிக்கொள்ளும் படத்தைப் பார்த்துவிட்டு நாமும் ஓட்டினால், அவளுக்குச் சிவந்து போகிற இடம் நமக்குக் கறுத்துப் போகும். அதன்மேல் வெயில் பட்டால் கறுப்பு இன்னும் ஊறும். தோட்டத்தில் இருப்பவர்கள், நாற்றுமேட்டில் வேலை செய்கிறவர்கள், கோழிக்குத் தீனி போடப் பத்து நிமிஷம் வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: மருத்துவர் கையில் செய்யும்போது, சில லேசர் ஒளிச் சிகிச்சைகளைவிட இந்த ஊசிச் சிகிச்சையில் மாநிறத் தோல் கறுப்பது குறைவு. அதனால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். குற்றம் ஊசியின்மேல் அல்ல. பிடிக்கிற கையும், பிடிக்கும் நேரமும், இடமும் சரியாக இருக்க வேண்டும்.

சிலர் எந்த ஊசியையும் தொடவே கூடாது. முகத்தில் பழுத்த பரு இருப்பவர்கள் முதலில். ஒரு பருவின் சீழை ஊசி எடுத்துக்கொண்டு கன்னம் முழுக்க விதைத்துவிடும். உதட்டில் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருகிறவர்கள், கரப்பான் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், இரத்தம் இளகும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் விலகி நிற்கட்டும். காது குத்தின இடமே கட்டியாக வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு முகத்தில் ஊசி வேண்டவே வேண்டாம்.

ஒரே உருளை, நான்கு முகம்

இதை எழுதத்தான் எனக்கு அதிகக் கவலை. அந்த உருளையை விடுதித் தோழிகள் நால்வரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் அலசினார்களாம்.

இரத்தம் பட்ட ஊசியைப் பகிர்ந்தால் கல்லீரல் அழற்சி பி, சி வகைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்ற வழி உண்டு. நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்குப் பி வகைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மற்ற இரண்டுக்கும் தடுப்பூசி இல்லை. இது வெறும் பயமுறுத்தல் அன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில், சொந்த இரத்தத்தைப் பிரித்து முகத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் தெரியவந்து, 2024இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் விவரமாக வெளியிட்டது. அக்காள் தங்கைக்குக் கூடக் கொடுக்கக் கூடாது. சீப்பைக் கொடுங்கள், சேலையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். வெந்நீரில் போட்டால் போதும், ஆல்கஹாலில் நனைத்தால் போதும் என்று சொல்வார்கள். உங்கள் கருவியை நீங்களே மறுபடி பயன்படுத்துவதற்கு 70 விழுக்காட்டு ஆல்கஹால் ஓரளவு உதவும். இன்னொருவர் இரத்தத்தை நீக்கி ஊசியைப் புதிதாக்க அதனால் முடியாது.

நான்கு பெண்களும் சுகாதார மருந்தகத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் செய்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதம் அவர்கள் தூங்கினார்களோ என்னவோ, எனக்குத் தூக்கம் இல்லை.

குத்திய பின் என்ன தடவுவது?

துளை போட்ட தோல் திறந்த கதவு. நல்லதும் போகும், கெட்டதும் போகும். ஊசி ஓட்டியதும் வைட்டமின் சி திரவம் போன்றவற்றைத் தடவிய மூன்று பெண்களுக்கு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் கிளம்பியதை 2014இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று பதிவு செய்திருக்கிறது. தோலின் மேலே தடவுவதற்குச் செய்த பொருள் தோலின் உள்ளே போவதற்குச் செய்ததல்ல. எலுமிச்சைச் சாறு, மஞ்சள், கஸ்தூரி மஞ்சள், வாசனைப் பூச்சு எதுவும் அன்றைக்கு வேண்டாம். நம் பாட்டிமார் மஞ்சள் பூசியது குத்தாத முகத்தில்.

இன்னும் மோசமானது இரவுச் சந்தையில் விற்கும் வெளுப்புக் களிம்பு. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது பிடித்துப் பெயர் வெளியிடுகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைத் துளை போட்ட முகத்தில் தேய்ப்பதை நினைத்துப் பாருங்கள். களிம்புப் பெட்டியில் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இருந்தால் அரசாங்கம் சோதித்து நல்லது என்று சொன்னதாக அர்த்தமில்லை. விற்பனையாளர் விவரம் கொடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். எண் இல்லாததைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், முகத்தில் பருவோ நோயோ இல்லாத சிலர் வாங்கத்தான் போகிறீர்கள். என் பேச்சைக் கேட்டு ஊரே நிறுத்திவிடும் என்று நினைக்க நான் சிறுபிள்ளை இல்லை. வாங்கினால் 0.25 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றாக முத்திரையிட்ட உறையில், கிருமி நீக்கியது என்று குறித்திருப்பதை எடுங்கள். உறை கிழிந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். பயன்படுத்தும் முன் ஒரு பஞ்சுத் துண்டின்மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் ஊசி வளைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். இரவில், முகம் கழுவித் துடைத்த பிறகு, அழுத்தாமல் செய்யுங்கள். உருளை என்றால் ஒவ்வொரு தடவையும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தரையைத் துடைப்பது போல் இழுத்துத் திருப்பக் கூடாது. கண்ணிமை, உதடு, மச்சம் இவற்றை விட்டுவிடுங்கள். பின்னர் வாசனையில்லாத சாதாரண ஈரப்பூச்சு மட்டும். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். சிவப்பு இறங்காமல் மறுபடி வேண்டாம். மறுநாள் வெயிலில் இறங்குவதாக இருந்தால் 30க்கு மேல் எண் போட்ட வெயில் களிம்பும், தலையில் அகலத் தொப்பியும். பத்துப் பதினைந்து தடவைக்குள் ஊசி மழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது; தோலுக்குத் தெரியும். வீசும்போது மூடியுள்ள தகர டின்னில் போட்டு மூடுங்கள். குப்பை அள்ளுகிறவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான்.

மருத்துவமனையில்

பட்டணத்துச் சுகாதார மருந்தகத்தில் ஒரு வெள்ளி கட்டினோம். மருத்துவர் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். முறை கிடைக்க வாரக் கணக்கில் ஆனது; அதை மறைக்கப் போவதில்லை. நிபுணர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. அவளுடைய முகத்தை விளக்கில் பார்த்ததும் அவர் தழும்பைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் பருவை நிறுத்த வேண்டும் என்றார். பரு வந்துகொண்டிருக்கும்போது குழியை நிரப்புவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போலத்தானே? இரவில் தடவ ஒரு களிம்பு, காலையில் வெயில் களிம்பு, சில மாதங்களுக்கு மருந்து. கைக்கு வரும் கருவி எதுவும் முகத்தில் படக்கூடாது என்று கட்டளை.

குழிகளைப் பற்றிப் பிறகு விளக்கினார். குழி எல்லாம் ஒரே குழி இல்லையாம். அகன்று அலையாகக் கிடப்பவை ஊசிச் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். ஆணி அடித்த துளை போல் குறுகி ஆழ்ந்தவை அவ்வளவாக இணங்கா. அவற்றுக்கு அமிலத் துளியை வைப்பது, அடியில் ஒட்டியிருக்கும் நாரை அறுத்து விடுவது என்று வேறு முறைகள். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். குழி முற்றிலும் மறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எல்லா அரசு மருத்துவமனைகளிலும் தழும்புச் சிகிச்சை கிடைக்காது. தனியாரிடம் போனால் ஒரு தடவைக்குச் சில நூறு வெள்ளி ஆகும். போவதென்றால் செய்கிறவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். சிகை அலங்காரக் கடையின் பின் அறையில் 'சலுகை விலை' என்று கூப்பிட்டால் போகாதீர்கள்.

தைக்குள் குழி மறையவில்லை. மறையாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் புதுப் பரு பாதியாகக் குறைந்திருந்தது; கறுப்புத் திட்டுகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்த மாயமும் போடாத படம் ஒன்றை எடுத்து அவளே மாப்பிள்ளைக்கு அனுப்பினாளாம். அரை மணி நேரம் பதில் வரவில்லை. இவள் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம், 'மழையில் சிக்கிக்கொண்டேன், சாப்பிட்டாயா?' என்று வந்ததாம்.

அந்த மூன்று சாமான்களில் பேனா தோழியிடம் திரும்பப் போனது, இங்கே எழுதியதை எல்லாம் நானே ஒரு தாளில் எழிக் கொடுத்த குறிப்போடு. உருளையும் முத்திரையும் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் ஒட்டுநாடா சுற்றிப் போயின. டின்னை மருந்தகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த முறை தோல் பிரிவுக்குப் போகும்போது அவளுடைய தங்கையையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். பதினாறு வயது; நெற்றியில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.